பரவாயில்லைக்கு எந்த எண்?

1

ஆறு வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை என் ஆய்வேடு திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது. நடுவில் ஒரு அட்டவணை. அதன் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒரே ஒரு வரி: "இந்தச் சொல் ஏறக்குறைய எல்லோர் பதிலிலும் வருகிறது. இது எந்த எண்?"

அந்தச் சொல் 'பரவாயில்லை'.

மொழிபெயர்க்க மூன்று நாள் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று ஆங்கில எழுத்திலேயே அதை அப்படியே விட்டு வைத்திருந்தேன். கவனித்துவிட்டார்கள். இந்த நாட்டில் கவனிக்காமல் விடுகிற ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

நான் திண்டுக்கல் பேகம்பூர்க்காரி. பெயர் ஜீனத். கல்யாணமாகி நெதர்லாந்தின் வடக்கே ஒரு ஊருக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. வயது நாற்பத்திரண்டு. இந்த வயதில் பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷ மாணவி. படிப்பது உளவியலும் மனித அசைவியலும் சேர்ந்த பட்டம். ஒரு மனிதர் எப்படி எழுகிறார், நடக்கிறார், தடுமாறுகிறார் என்பது ஒரு பாதி. அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன ஓடுகிறது என்பது இன்னொரு பாதி. இதைத் திண்டுக்கல்லில் இருக்கும் என் தம்பி சாதிக்குக்குப் புரியவைக்கப் பார்த்தேன்.

"ஏங்க்கா, அப்ப நீ மனசுக்கு டாக்டரா, மூட்டுக்கு டாக்டரா?"

"ரெண்டுக்கும் இல்லடா."

"அப்ப எதுக்கு இம்புட்டுப் படிப்பு?"

நல்ல கேள்விதான். அப்புறம் பேசலாம் என்று போனை வைத்துவிட்டேன்.

என் ஆய்வு சின்னது. பிள்ளைகளைப் பார்க்க மூன்று மாத விசாவில் இங்கே வந்திருக்கும் தமிழ்ப் பெற்றோர்களிடம், 'விழுந்துவிடுவோமோ என்று எவ்வளவு பயம்?' என்று கேட்பது. ஒன்று என்றால் பயமே இல்லை, ஐந்து என்றால் ரொம்பப் பயம். பிறகு அவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, முப்பது விநாடிக்குள் எத்தனை முறை எழுந்து உட்கார்கிறார்கள் என்று எண்ணுவது. பயம் உளவியல் பாதி, நாற்காலி அசைவியல் பாதி.

பயத்துக்கு எண் இல்லையென்றால் உளவியல் பாதி நிற்காது. ஒரு பாதியை மட்டும் வைத்துப் பட்டம் தரமாட்டார்கள். மூன்று வாரத்துக்குள் பதில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு வருஷம். ஏற்கெனவே ஒருமுறை படிப்பைப் பாதியில் விட்டவள் நான். இருபது வயதில் மதுரைக் கல்லூரி ஒன்றில் உளவியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, வீட்டில் வேறு ஆளில்லை. வருகைப்பதிவு குறைந்து பரீட்சை எழுத விடவில்லை. அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று இருந்தபோது மாப்பிள்ளை வந்துவிட்டார். இன்னொரு முறை விட்டால் என்னை நானே மன்னிக்கமாட்டேன் என்று அந்தப் பச்சை வரியைப் பார்த்தபடி நினைத்துக்கொண்டேன்.

2

இங்கே அலுவலகத்தாரிடம் சண்டை போடவே முடியாது. சிரித்த முகமாக உட்காரவைத்து, காபி கொடுத்து, அப்புறம் முடியாது என்பார்கள்.

ஊரில் என் பெயர் அ. ஜீனத். அந்த 'அ' என் அத்தா அப்துல் காதர். இங்கே கணினியில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கக் கூடாதாம். அத்தாவைத் தூக்கி அதில் போட்டார்கள். அன்றிலிருந்து 'திருமதி அப்துல் காதர் அவர்களுக்கு' என்றுதான் எனக்குக் கடிதம் வருகிறது. தாடியும் ஜிப்பாவுமாக வாழ்ந்து மவுத்தாகி மண்ணுக்குள் போன மனுஷரை இப்படித் திருமதி ஆக்கிவிட்டார்களே என்று முதலில் வருத்தமாக இருந்தது. இப்போது தபால் பெட்டியைத் திறக்கும்போது, "வாங்கத்தா" என்று சொல்லித்தான் எடுக்கிறேன்.

படிப்பில் சேர்ந்தபோது இதே கதை. 'முதன்மைப் பாடம்' என்று கணினியில் ஒரே ஒரு கட்டம். உளவியல் துறைக்குப் போனால், "நீங்கள் அசைவியல் மாணவியாயிற்றே" என்பார்கள். அங்கே போனால், "உளவியலில் அல்லவா இருக்கிறீர்கள்" என்பார்கள். உளவியல் கட்டடம் ஊருக்கு நடுவில், அசைவியல் ஆஸ்பத்திரிப் பக்கம். ஒரு வகுப்பு பதினொரு மணிக்கு முடியும், மற்றது அதே பதினொரு மணிக்குத் தொடங்கும். நடுவில் இருக்கிற தூரத்துக்கு யாரும் பொறுப்பில்லை. திண்டுக்கல்லில் சைக்கிளைத் தொட்டே பார்க்காத நான், முப்பத்தொன்பது வயதில் துப்பட்டாவைச் சுருட்டிச் செருகிக்கொண்டு எதிர்காற்றில் மிதிக்கக் கற்றுக்கொண்டது அந்தத் தூரத்துக்காகத்தான்.

மதுரைக்குப் போன காலத்தில் பயணம் இப்படி இல்லை. காலைப் பாசஞ்சரில் நாங்கள் நாலு பெண்கள் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய ஆயக்குடிக் கொய்யாவைக் கடித்துக்கொண்டு போவோம். படிப்பைவிட அந்த ரயிலைத்தான் ரொம்ப நாள் தேடினேன் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

என்னோடு படிக்கிற பிள்ளைகளுக்கு என் மகள் ஹனாவைவிட மூன்று நாலு வயதுதான் கூட. ஹனாவுக்குப் பதினேழு. தமிழ் புரியும், பேசினால் மூன்றாவது சொல்லில் டச்சுக்குள் இறங்கிவிடுவாள். பச்சை வரி வந்த அன்று அவளிடமே கேட்டேன்.

"பரவாயில்லைன்னா உனக்கு என்னடி அர்த்தம்?"

யோசிக்கவே இல்லை. "நீங்க கோவமா இருக்கீங்க, ஆனா சொல்லமாட்டீங்கன்னு அர்த்தம்."

இவளுக்குத் தமிழ் போய்விட்டது என்று நான் கவலைப்பட்டதெல்லாம் வீண்.

3

என் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் பெயர் மரைக்கே. அந்தப் பச்சை வரியை எழுதியவர் அவர்தான். என்னைவிட இரண்டு வயது இளையவர், என்னைவிட ஒரு முழம் உயரம். எங்கள் பழக்கம் தொடங்கியதே ஒரு மானக்கேட்டில்தான்.

முதல் வருஷம், ஆய்வுக்கூடத்தில் ஒரு டச்சுத் தாத்தா ஆடும் பலகைமேல் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நின்று கேள்வி கேட்பது என் வேலை. "பயமாக இருக்கிறதா?" என்றேன். அவர், "ஃபல்ட் வெல் மே" என்றார். டச்சில் ஃபல்லன் என்றால் விழுவது. அந்தத் தொடரில் அது மட்டும்தான் எனக்குத் தெரியும். விழுகிறேன் என்கிறாரே என்று பதறி, "யா அல்லாஹ்!" என்று அலறிக்கொண்டு பாய்ந்து அவர் இடுப்பை இறுக்கிக் கட்டிப்பிடித்துவிட்டேன். அந்தச் சொற்றொடருக்கு, 'நினைத்த அளவு மோசமில்லை' என்றுதான் அர்த்தமாம்.

தாத்தா நிதானமாக, "என் மனைவிகூட என்னை இவ்வளவு உறுதியாகப் பிடித்ததில்லை" என்றார். மரைக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்று வருஷமாகியும் என்னைப் பார்த்தால் இடுப்பில் கைவைத்துக் காட்டுகிறார்.

4

இப்போது என் ஆய்வுக்கு வந்தவர்களைச் சொல்லவேண்டும். இருவரைச் சொன்னால் போதும். முதல் ஆள் செல்லமுத்து ஐயா, ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயி, எழுபது வயது. மகன் வீட்டுக்கு வந்திருந்தார்.

"நடக்கையில விழுந்துருவோம்னு பயம் இருக்காய்யா?"

"பரவால்லீங்க."

"ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்களேன்."

"நீங்களே பாத்துப் போட்டுக்கோங்க அம்மிணி."

"நான் போடக்கூடாதுங்கய்யா. நீங்கதான் சொல்லணும்."

"அப்படிங்களா? செரி, அஞ்சு போட்டுக்கோங்க."

"அஞ்சுன்னா ரொம்பப் பயம்."

"அட! முழு மார்க்குன்னு நெனச்சனுங்க. அப்ப ஒண்ணு." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு வேண்டாமுங்க, ஃபெயிலானாப்ல இருக்கும். பரவால்லீங்கன்னே எழுதிப்போடுங்க."

அப்புறம் நாற்காலி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழவேண்டும், கை ஊன்றக் கூடாது. "ஏனுங்க, இந்த வயசுல கையக் கட்டி நிக்க வெச்சுப்போட்டீங்களே, பள்ளிக்கோடத்துலகூட நான் கட்டுனதில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து, நான் எண்ணுவதில் பின்தங்கிவிட்டேன். அவர் சொன்ன பரவாயில்லை நூற்றுக்கு நூறு உண்மை.

அதே நாளில் மதுரை அம்மா ஒருவர் வந்தார். அவரும் பரவாயில்லை என்றார். ஆனால் எழுவதற்கு முன்னாலேயே அவர் கை சுவரைத் தேடிப் போய்விட்டது. சொல் ஒன்றுதான், ஆள்தான் வேறு. இதற்கு நான் எந்த எண்ணைப் போடுவேன்?

5

உலகத்திலேயே அதிக முறை பரவாயில்லை சொன்னவளைக் கேட்டுவிடலாம் என்று அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். அம்மா பேகம்பூரில் தம்பி வீட்டில் இருக்கிறாள். அங்கே சாயங்கால அசர் தொழுகை முடிந்த நேரம். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

"அம்மா, மரைக்கே கேக்குறாங்க..."

"நான் என்னத்தடி மறைக்கிறேன்? யாரு சொன்னா?"

"ஐயோ, அது எங்க டீச்சர் பேரும்மா."

"இப்புடியுமா பேரு வைப்பாக?" என்றாள். முகம் மட்டும் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஒரு நாற்காலியில உக்காரும்மா. ஒரு டெஸ்டு."

"அடுப்புல வெஞ்சனம் கெடக்கு. எனக்கு எதுக்குடி டெஸ்டு?"

"செத்த நேரம்தான். முப்பதே செகண்டு."

அறைக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"கைய நெஞ்சுல கட்டிக்க."

"தக்பீர் கட்டுற மாதிரியா?"

"ஆமா. கைய எடுக்காம எந்திரிச்சு எந்திரிச்சு உக்காரணும்."

தொழுகையில் நிற்கும்போது கட்டுவது போலவே கட்டிக்கொண்டாள். முன்னால் சாய்ந்தாள், எழவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். மறுபடி சாய்ந்தாள். வலது கை நெஞ்சிலிருந்து கழன்று ஜன்னல் கம்பியைப் பிடித்தது. எழுந்து, பாரம் முழுவதையும் இடது காலிலேயே போட்டு நின்றாள்.

"பாத்தியா, எந்திரிச்சுட்டேன்."

"விழுந்துருவோம்னு பயமா இருக்காம்மா?"

"பரவாயில்ல."

எழுதப் போனேன். அப்போதுதான் அந்த நாற்காலியைப் பார்த்தேன். அது தொழுகிற அறை. எனக்கு நினைவு தெரிந்து அங்கே நாற்காலி இருந்ததில்லை. அம்மா திருப்புவதற்கு முன் இது மேற்குச் சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது, தொழுகை விரிப்பு அதன் காலடியில் கிடந்தது. நெற்றி தரையில் படாவிட்டால் தொழுத மாதிரியே இல்லை என்று அறுவை சிகிச்சைக்குப் பிறகுகூட எங்களோடு மல்லுக்கு நின்றவள் அம்மா. அவள் இப்போது நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறாள்.

"எப்பம்மா விழுந்த?"

"சாதிக் சொல்லிட்டானா? படிச்சுப் படிச்சுச் சொன்னேன், அந்தக் கழுத கேக்கலையா? வரட்டும் அவன்."

"அவன் ஒண்ணும் சொல்லல. நாற்காலி சொல்லுச்சு."

அம்மா திரும்பி நாற்காலியை ஒரு முறை முறைத்தாள். "ஏண்டி, உங்க ஊருல இதெல்லாம் பேசுமா?"

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. நாலு மாதத்துக்கு முன் குளியலறை வாசலில் வழுக்கியிருக்கிறாள். எலும்பு முறியவில்லை, முழங்காலில் அடி. டாக்டர் உடற்பயிற்சி சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் செய்துவிட்டு விட்டுவிட்டாள். பயத்தில் மாடிக்கே போவதில்லை.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவ?"

"கெளம்பி வந்துருப்பேன்."

"அதான் சொல்லல. அன்னைக்கு என் ஆபரேசனுக்காக ரயில விட்ட. படிப்பு போச்சு. எம்புட்டு நாள் அத நெனச்சு வேகுறது? இந்தத் தடவையும் அம்மாவாலதான் போச்சுன்னு இருக்கக்கூடாது. அம்புட்டுத்தான்."

இருபத்திரண்டு வருஷமாக அவள் மனதில் இது கிடந்திருக்கிறது. நான் கொய்யாவையும் ரயிலையும் நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் என் பரீட்சையை நினைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சத்தம் போட்டே அழுதேன். மாடியிலிருந்து ஹனா ஓடிவந்து, என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"ஏலே, அழுகாதடி" என்றாள் அம்மா. "வெஞ்சனம் அடிப்பிடிக்குது."

6

மறுநாளே டிக்கெட் போடுகிறேன் என்றேன். அம்மா போனையே எடுக்கவில்லை. தம்பியிடம் சொல்லி அனுப்பினாள்: பட்டம் வாங்காமல் வந்தால் கதவைத் திறக்க மாட்டாளாம். கடைசியில் ஒரு பேரம் படிந்தது. நான் படிப்பை முடிப்பேன். அதுவரை அவள் தினமும் வீடியோவில் என் முன்னால் நாற்காலிப் பயிற்சி செய்வாள். டாக்டரும் சரி என்றார். நான் காலையில் ரொட்டி கடிக்கும் நேரத்தில் அங்கே அம்மா ஜன்னல் கம்பியைத் தொடாமல் எழப் பழகினாள். தம்பி குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பதித்தான். ஹனா பக்கத்தில் நின்று தமிழில் எண்ணினாள். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் டச்சு நுழைந்துவிடும். அம்மா அதையும் சேர்த்துச் சொல்லப் பழகிவிட்டாள்.

மரைக்கே அறைக்குப் போய், உட்காருவதற்கு முன்பே கேட்டேன்: "ஃபல்ட் வெல் மே, அது எந்த எண்?"

இடுப்பில் கைவைக்கப் போனவர் பாதியில் நிறுத்தினார். "இரண்டு" என்றார். அப்புறம், "நான் சொன்னால் இரண்டு. என் அப்பா சொன்னால் நான்கு. போன குளிர்காலத்தில் அவர் சொன்னது..." என்றவர், என் ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்று அவர் காபி கொடுத்துவிட்டு முடியாது என்று சொல்லவில்லை.

பரவாயில்லைக்கு நான் எண் போடவில்லை. அட்டவணையில் அதற்கென்று தனிப் பத்தி போட்டேன். நாற்காலிச் சோதனையின் குறிப்புகளைப் புரட்டி, ஒவ்வொரு பரவாயில்லைக்கும் நேரே, அதைச் சொன்னவரின் கை எங்கே போனது என்று எழுதினேன். கை நெஞ்சிலேயே இருந்ததா, சுவருக்குப் போனதா, முட்டிக்குப் போனதா. வாய் சொல்லாமல் விட்டதைக் கை சொல்கிறதா என்று பார்க்க எனக்கு இரண்டு பாதியும் வேண்டியிருந்தது. தம்பி கேட்ட கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்தது.

நேற்று முடிவு வந்தது. பத்துக்கு ஏழரை. இங்கே பத்தெல்லாம் யாருக்கும் போடமாட்டார்கள், ஏழரை கௌரவமான மதிப்பெண். தம்பியிடம் சொன்னேன்.

"ஏழரையா! ஏங்க்கா, ஊரெல்லாம் ஏழரைன்னா ஓடுறாங்க, நீ மெனக்கெட்டு வாங்கிட்டு வந்துருக்க?" என்றவன், உடனே தான் வேலை பார்க்கும் தோல் மண்டியில் எல்லோருக்கும் டீ சொல்லியிருக்கிறான்.

அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு தொழுகிற அறைக்குப் போனாள். நடையில் இன்னும் லேசாக ஒரு சாய்வு இருக்கிறது. நாற்காலியும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் பயம் எவ்வளவு என்று நான் கேட்காமலே சொன்னாள்: "இன்னைக்கு ரெண்டு. முந்தாநாளு மழ பேஞ்சு வாசல் வழுக்குச்சு, அன்னைக்கு நாலு." எண்ணைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"சரி, நீ உக்காரு" என்றாள். "இப்ப நான் கேக்குறேன். கைய நெஞ்சுல கட்டிக்க."

"எதுக்கும்மா?"

"கட்டுடீங்கிறேன்."

போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டேன்.

"பத்தொம்பது வருசமா எங்களையெல்லாம் விட்டுட்டு அங்கன கெடக்குறியே. எப்புடிடி இருக்கு?"

வாய் தானாகத் திறந்தது. "பரவாயில்லம்மா."

"அதுக்கு நம்பரு கெடையாதுன்னு நீதான எழுதிக் குடுத்த? கையப் பாரு."

குனிந்து பார்த்தேன். வலது கை எப்போது நெஞ்சிலிருந்து கழன்றது என்றே தெரியவில்லை. மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"நாலும்மா" என்றேன்.

அம்மா தலையாட்டினாள். "அப்ப டிக்கெட்டப் போடு. படிப்புத்தான் முடிஞ்சுருச்சுல்ல."